பெட்டிக்குள் பூட்டிய சீட்டு

இல்லமும் நலமும்



நம் ஊர்களில் 'மெடிக்கல்' என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. "விசா வந்துவிட்டதா?" என்று கேட்கும் வாய், அடுத்ததாக "மெடிக்கல் ஆகிவிட்டதா?" என்றே கேட்கும். வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் செல்லும் பிள்ளைக்கு நடைபெறும் மருத்துவப் பரிசோதனைதான் அது. 'ஃபிட்' என்று வந்துவிட்டால் வீடு முழுவதும் மகிழ்ச்சி. 'அன்ஃபிட்' என்று வந்தாலோ, மௌத்தான வீட்டைப் போல ஓர் அமைதி. அந்த அமைதியில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எந்த நோயால் அன்ஃபிட்? அந்த நோய்க்கு இனி என்ன செய்ய வேண்டும்?

கேட்கப்படாத அந்தக் கேள்வியை எங்கள் ஊரின் நடுவே வைத்துக் கேட்டவர்கள் கல்லூரி மாணவ மாணவியர் சிலர். அவர்களைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன்.

பிள்ளைகள் வந்தார்கள்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கம். பக்கத்து நகரக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் சிலர் எங்கள் ஜமாஅத் நிர்வாகிகளைக் காண வந்தனர். ஜூலை 28 உலக ஹெபடைட்டிஸ் நாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மண்டபத்தை ஒரு பிற்பகல் தந்தால், கல்லீரல் அழற்சி நோயைப் பற்றி மக்களுக்கு விளக்கம் சொல்வோம் என்றனர்.

நிர்வாகத்தில் எல்லோரும் உடனே இசைந்துவிடவில்லை. மூத்தவர் ஒருவர், "தம்பி, நீங்கள் சொல்வது நல்ல காரியம்தான். ஆனால் ஊர் நடுவே இந்த நோயைப் பேசினால், இந்த ஊரிலே நோய் இருக்கிறது என்று வெளியூரில் பேசுவார்கள். நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வருமா?" என்று கேட்டாராம். அதற்கு ஒரு மாணவர், "ஐயா, எங்கள் ஊரிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்" என்று மட்டும் பணிவாகச் சொல்லியிருக்கிறார். இமாம் அவர்கள் இரு சாராரையும் கேட்டு, உயிரைக் காக்கும் காரியத்துக்கு மண்டபம் தருவதில் தயக்கம் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பும் செய்தார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பது அதன் கொள்கை. மரம் நடுவதும் தெரு கூட்டுவதும்தான் அவர்கள் பணி என்று எண்ணியிருந்தேன். அன்று என் எண்ணம் மாறியது.

மாணவியர் இருவர் இருவராக முந்தைய இரு வாரமும் வீடு வீடாக வந்து பெண்களை அழைத்தனர். "மகளே, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி இருக்க, கூட்டம் எதற்கு?" என்று கேட்ட என் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம், "அதையும் அங்கே சொல்கிறோம் பாட்டி, நீங்கள் அவசியம் வர வேண்டும்" என்று சிரித்தபடி சொல்லிச் சென்றாள் ஒரு மாணவி. பாட்டியும் வந்தார்.

ஒரு பெயர், ஐந்து கிருமிகள்

லுஹர் தொழுகைக்குப் பின் கூட்டம் தொடங்கியது. ஆண்களுக்கு ஒரு பக்கம், திரைக்கு அப்பால் பெண்களுக்கு ஒரு பக்கம். சுவர்களில் மாணவர்கள் தம் கையாலேயே வரைந்த படங்கள்.

மஞ்சள் காமாலை என்பது நோயன்று, நோயின் அடையாளம் என்று தொடங்கினாள் ஒரு மாணவி. கல்லீரலைத் தாக்கும் கிருமிகள் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து வகை. ஏ, ஈ ஆகிய இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவன. 1955இன் இறுதியில் டில்லியில் யமுனை நீரில் சாக்கடை கலந்து 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டதே, அது ஈ வகைக் கிருமியால் வந்தது எனப் பின்னாளில் அறிந்தார்கள். இவ்விரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே நீங்கிவிடும். கருவுற்ற பெண்களுக்கு ஈ வகை பேராபத்தாகலாம்.

பி, சி வகைகள் வேறு. அவை இரத்தத்தின் வழியே பரவுவன. பி வகை, தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும், கணவன் மனைவியரிடையேயும் பரவும். டி வகை, பி உள்ளவரை மட்டுமே பற்றும். பி, சி இரண்டும் உடலில் தங்கிவிட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் எந்த அடையாளமும் காட்டாமல் இருந்து, பின்னர் ஈரலை இறுகச் செய்யும், புற்றுநோயாகவும் மாறும். கண் மஞ்சளாகவில்லை, பசி குறையவில்லை என்பதால் நோயில்லை என்று பொருளன்று.

2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனக் கணிப்பின்படி, நம் நாட்டில் பி வகைக் கிருமி உடையோர் ஏறத்தாழ 3 கோடி பேர். சி வகை உடையோர் ஏறத்தாழ 55 இலட்சம் பேர். இவர்களுள் பெரும்பாலோருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது.

கீழாநெல்லிக்கும் விளக்கம் கிடைத்தது. தானாகவே நீங்கும் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தாலும் நீங்கும்; பெருமை இலைக்குச் சேரும். பி வகைக்கும் அது பயன்படுமா என்று முறையாக ஆராய்ந்தோரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தில் மூவர்க்குக் கிருமி நீங்கியதாகக் கண்டனர். பி வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்கேற்றவர். 1925 ஜூலை 28இல் பிறந்த அவருடைய நினைவாகவே உலக ஹெபடைட்டிஸ் நாளும் அமைந்தது. ஆனால் பின்னர் பிறர் செய்து பார்த்த ஆய்வுகளில் அதே பயன் கிட்டவில்லை. "ஆகவே பாட்டி, கீழாநெல்லியை நாங்கள் பழிக்கவில்லை. அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்" என்றாள் அந்த மாணவி. பாட்டி தலையசைத்தார்.

எகிப்து தந்த பாடம்

அடுத்து ஒரு மாணவர் எகிப்தின் கதையைச் சொன்னார். நைல் நதி நீரால் வரும் புழு நோயை ஒழிக்க, 1950கள் முதல் 1980கள் வரை அங்கே இலட்சக்கணக்கான கிராம மக்களுக்கு ஊசி போட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். ஆனால் சரியாகக் கிருமி நீக்காத ஊசிகளே ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சென்றன. புழு நோய் குறைந்தது. சி வகைக் கிருமி பரவியது. உலகிலேயே மிகுதியாக அந்நோய் கண்ட நாடுகளுள் ஒன்றாயிற்று எகிப்து.

அதே எகிப்து என்ன செய்தது? நோயை மறைக்கவில்லை. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை, ஏழே மாதங்களில், ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு இலவசமாகப் பரிசோதனை செய்தது. நோய் கண்டவர்களுக்கு மாத்திரையும் இலவசம். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று மாதம் உண்ணும் மாத்திரையால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றிலும் குணமாகின்றனர். 2023இல் உலக சுகாதார நிறுவனம் எகிப்தின் முன்னேற்றத்தைப் பாராட்டித் தங்கத் தரம் என்னும் தகுதியை அளித்தது. ஒரு நாடே வெட்கப்படாமல் கை நீட்டி இரத்தம் கொடுத்ததால் வந்த சிறப்பு அது.

"காய்ச்சலுக்குப் போனால் ஊசி போடாமல் அனுப்பும் டாக்டரை நல்ல டாக்டர் என்று நாம் சொல்வதில்லை. இனி, மாத்திரை போதுமா என்று நாமே கேட்போம். ஊசி தேவையென்றால், புதிய உறையைக் கண் முன்னே பிரிக்கச் சொல்வோம்" என்று முடித்தார் அவர்.

நம் வீட்டு வழக்கங்களுக்கும் இது பொருந்தும். சுன்னத்துக்கு ஒரே கத்தி பல பிள்ளைகளுக்கு ஆகாது. அலிக்கத்து அணிந்த நம் பாட்டிமாரின் காதோரமெங்கும் ஒரே ஊசி எத்தனை பெண்களுக்குத் துளையிட்டிருக்கும்! இன்று பேத்திக்குக் காது குத்தும் போதும் ஊசி புதியதா என்று பாருங்கள். ஹஜ், உம்ராவில் தலைமுடி களையும் போது புதிய பிளேடைக் கேட்டு வாங்குங்கள். பி வகைக் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரை உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே போதும்.

சீட்டுப் பெட்டி

கூட்டத்தின் உயிர் இதற்குப் பிறகுதான் வந்தது. இரு பக்கத்திலும் ஓர் அட்டைப் பெட்டியை வைத்திருந்தனர். கேட்க நாணும் கேள்வியைப் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடலாம். நாற்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் சேர்ந்தன. மருத்துவக் கல்லூரி மாணவி ஒருத்தி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து விடை சொன்னாள்.

ஒரு சீட்டு இப்படி இருந்தது: "என் கணவர் பி வகையால் அன்ஃபிட் ஆனார். மூன்று ஆண்டுகளாக அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைத்திருக்கிறேன். பிள்ளைகளை அவர் மடியில் உட்கார விடுவதில்லை. நான் செய்வது சரிதானா?"

மண்டபம் அமைதியாயிற்று. அந்த மாணவி உடனே பேசவில்லை. பிறகு சொன்னாள். "அக்கா, இந்தக் கிருமி தட்டால் பரவாது. ஒரே சஹனில் சேர்ந்து உண்பதால் பரவாது. கட்டியணைப்பதால் பரவாது. தாய்ப்பால் கொடுப்பதாலும் பரவாது. பிள்ளைகளை இன்றே அவர் மடியில் உட்கார விடுங்கள். நீங்கள் தனியாக வைக்க வேண்டியவை சவரக்கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவை மட்டுமே. நீங்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அவ்வளவுதான்."

திரைக்கு இந்தப் பக்கம் யாரோ விம்மும் ஒலி கேட்டது. யாரென்று எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் ஊர்ப் பெண்களை நான் அன்று மிகவும் மதித்தேன்.

என் காக்காவின் பெட்டி

சகோதரிகளே! அந்தச் சீட்டு என்னைப் பல ஆண்டுகள் பின்னே கொண்டு சென்றது.

என் மூத்த சகோதரர் ஆறாண்டுகள் வெளிநாட்டில் உழைத்தவர். 1996இல் புதிய விசாவுக்காக மெடிக்கல் சென்று வந்தவர், "விசா சரியில்லை. இங்கேயே கடை வைத்துக்கொள்கிறேன்" என்றார். நாங்களும் நம்பினோம். கடை நன்றாகவே நடந்தது. 2009இல் வயிறு வீங்கி, உடல் மெலிந்து மருத்துவமனையில் சேர்த்தபோது, ஈரலில் கட்டி, காலம் கடந்துவிட்டது என்றனர். பி வகைக் கிருமியால் வந்தது, வீட்டார் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் காக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்கள்.

நாற்பது நாட்களுக்குப் பின் அவருடைய தகரப் பெட்டியை மதினி திறந்தார். பழைய பாஸ்போர்ட்டுக்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு. 1996ஆம் ஆண்டு மெடிக்கல் சீட்டு. பி வகைக்கு நேரே 'ரியாக்டிவ்' என்று எழுதியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் அந்தச் சீட்டு அங்கே பூட்டிக் கிடந்திருக்கிறது.

பரிசோதனையில் பெண் மக்கள் இருவருக்கும் கிருமி இல்லை. மதினிக்கு இருந்தது. 1999இல் பிறந்த கடைக்குட்டி மகனுக்கும் இருந்தது. "யாரிடமிருந்து யாருக்கு வந்தது?" என்று மதினி அழுதபோது மருத்துவர், "அதைத் தேடுவதால் யாருக்கும் நன்மையில்லை அம்மா" என்றார். அவர் சொன்ன மற்றொன்றுதான் இன்றும் என் நெஞ்சை அறுப்பது. கைக்குழந்தைப் பருவத்தில் இக்கிருமி தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது நிலைத்துவிடும். வளர்ந்தவர்க்குத் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவாகவே நிலைக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தாய்க்குக் கிருமி இருந்தால் அதனுடன் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டால் பெரும்பாலான குழந்தைகளைக் காத்துவிடலாம்.

ஹைதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டி நிறுவிய சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இலேயே இந்தத் தடுப்பூசியை நம் நாட்டில் தயாரித்து, இறக்குமதி ஊசியின் விலையில் சிறு பங்குக்கு விற்கத் தொடங்கியிருந்தது. ஊசி இருந்தது. அதை வாங்கும் வசதி காக்காவுக்கும் இருந்தது. சீட்டுதான் பெட்டிக்குள் இருந்தது.

காக்காவை நான் குறை கூறவில்லை. அந்தச் சீட்டை எங்களிடம் காட்டியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? தனித் தட்டு வைத்திருப்போம். ஊரார் காதில் விழாமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருப்போம். அவர் அஞ்சியது கிருமிக்கு அன்று, நமக்குத்தான்.

எழுந்து நின்ற பிள்ளை

பிற்பகல் முடியும் வேளையில் இன்னொரு சீட்டு. "பி வகை உள்ளவர் நிக்காஹ் செய்யலாமா?"

"தாராளமாகச் செய்யலாம். நிக்காஹ்வுக்கு முன்பே இரு வீட்டாரும் உண்மையைப் பேசி, துணைவர் பரிசோதனை செய்து மூன்று ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்" என்றாள் மாணவி.

ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "பேச எளிதம்மா. அப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?"

விடை சொல்ல மாணவியால் இயலவில்லை. அது மருத்துவக் கேள்வியல்லவே! அப்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் எழுந்து நின்றான். காக்காவின் கடைக்குட்டி மகன்.

"எனக்குப் பத்து வயது முதல் இந்தக் கிருமி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரலைப் பரிசோதிக்கிறேன். மருத்துவர் சொன்ன நாள் முதல் தினம் ஒரு மாத்திரை உண்கிறேன். நன்றாக இருக்கிறேன். எனக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர்கள் இரண்டு வாரம் யோசித்தார்கள். பிறகு இசைந்தார்கள். பெண்ணுக்கு இரண்டு ஊசிகள் முடிந்துவிட்டன. மூன்றாவது முடிந்து, இன்ஷா அல்லாஹ், நிக்காஹ். என் வாப்பாவைப் போல நான் மறைக்க மாட்டேன்."

அவ்வளவுதான் பேசினான். உட்கார்ந்துவிட்டான். எதிர்க் குரல் எழவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் மதினி என் கையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். இதை எழுத அவனிடம் இசைவு கேட்டபோது, "எழுதுங்கள் மாமி, யாருக்காவது உதவட்டும்" என்றான்.

நாம் செய்ய வேண்டியது

அந்த மாணவர்கள் மண்டபத்தில் யாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. முடிவைக் கூட்டத்தின் நடுவே கேட்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். விரும்பியவர்களின் பெயரைத் தனியே குறித்து, சிறு சிறு குழுவாக அரசு மருத்துவமனைக்குத் தாமே அழைத்துச் சென்றனர். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், அதற்கென அமைந்த அரசு மருத்துவமனைகளில் பி, சி வகைகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மண்டபம் வேண்டாமென்று தயங்கிய அந்த மூத்தவரும் இரண்டாம் குழுவில் சென்று வந்தார் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

இத்தகைய பணி வேறு நாடுகளிலும் மாணவர்களால் நடைபெறுகிறது. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் மருத்துவ, மருந்தியல் மாணவர்கள், பி வகை மிகுந்த ஆசியக் குடியினருக்காக 2004 முதல் இலவசப் பரிசோதனையும் தடுப்பூசியும் அளிக்க முன்வந்தனர். பெற்றோரிடம் பேசத் தயங்குவதை மக்கள் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள் போலும்!

இம்மாதம் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியங்கள் நடக்கட்டும்.

ஒன்று: வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் பி, சி வகைகளுக்கு இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவுற்ற பெண்கள் கட்டாயம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு: குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி வகைத் தடுப்பூசி போடப்பட்டதா என்று நீங்களே கேளுங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் அது அடங்கியிருக்கிறது. 2011 டிசம்பரில் அந்த ஊசி நம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

மூன்று: உங்கள் வீட்டுப் பிள்ளை அன்ஃபிட் என்று திரும்பி வந்தால், விசாவைப் பற்றிப் பேசும் முன் அவனருகே அமர்ந்து, "சீட்டைக் காட்டு மகனே, நாளை மருத்துவரிடம் போவோம்" என்று சொல்லுங்கள். அன்றிரவு அதே சஹனில் அவனோடு சேர்ந்து உண்ணுங்கள்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி இன்றும் இருக்கிறது. அதில் இப்போது என் மருமகனின் பரிசோதனைச் சீட்டுகள், ஆண்டு வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிக்குப் பூட்டு இல்லை.